நிலப்படமும் உரிப்பொருளும்

பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈப்போ நகருக்கு வடகிழக்கே, மலைத்தொடரின் அடிவாரத்தை அடுத்து ஓர் ஊர் அமைந்துள்ளது. ஒரு கனியின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கும் ஊர் அது: தஞ்சோங் ரம்புத்தான். அங்கு இரயில் நிலையம் உண்டு, கடைத்தெரு உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு. ஒரு காலத்தில் அதைச் சூழ்ந்து ஈயலம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. ஆயினும், மலேசியாவின் எந்த மூலையில் அவ்வூரின் பெயரைச் சொன்னாலும் கேட்பவர் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு அரும்புகிறது. ஒருவனை அறிவு பிறழ்ந்தவன் என்று ஏளனம் செய்ய விரும்புவோர், 'இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்' என்பர். 1911ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற மனநல மருத்துவமனையே இதற்குக் காரணம். மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பஹாகியா' என்னும் மலாய்ப் பெயர் பின்னர் அம்மருத்துவமனைக்குச் சூட்டப்பட்டது. மருத்துவமனையின் பெயர் மாறிற்று; ஊரார் கேட்கும் ஏளனம் மாறவில்லை.

அவ்வூரில் பல்லாயிரவர் வாழ்கின்றனர். அவர்கள் உழைக்கின்றனர், பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர், திருமணமும் திருவிழாவும் நடத்துகின்றனர். அவ்வளவும் மறைந்து, ஒரே ஒரு கட்டடத்தின் பெயரால் ஊர் முழுவதும் ஒற்றை நிறம் பெற்றுவிடுகிறது. இதுவும் ஒரு நிலப்படமே. தாளில் வரையப்படாமல் மனத்தில் வரையப்பட்ட நிலப்படம். ஓர் இடத்தைப் பற்றி அறிந்த ஒன்றை, அவ்விடத்தைப் பற்றிய முழு உண்மையாகக் கொள்ளும் பிழை மனிதனிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்தப் பிழையை விரைவாகவும் அழகாகவும் வண்ணத்தோடும் செய்வதற்குரிய கருவி இன்று மேசைமீது வந்து அமர்ந்திருக்கிறது. வணிகத் தரவுகளை நிலப்படமாகக் காட்டும் கணினி மென்பொருளே அக்கருவி. அதன் பயனையும், அதைக் கையாள்வோர்க்குரிய அறத்தையும் எண்ணிப் பார்ப்பது இக்காலத்துக்கு இன்றியமையாதது.

கணினியில் நிலப்படம் அமைக்கும் முயற்சி 1960களில் கனடா நாட்டில் தொடங்கியது. ரோஜர் டாம்லின்சன் என்னும் புவியியலாளர், அந்நாட்டின் பரந்த நிலவளங்களைக் கணக்கெடுக்கும் பொருட்டு அதற்கு வழிகோலினார். அன்று அறை நிறைந்த பெருங்கணினிகளே அவ்வேலைக்கு உரியனவாக இருந்தன. பின்னர்த் தனியாள் கணினி பரவிற்று. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கல்லூரி மாணவர் சிலருடைய முயற்சியால் 'மேப்இன்ஃபோ' நிறுவனம் தோன்றியது. சாதாரண அலுவலகத்து மேசைக் கணினியிலேயே நிலப்படத்தை விரித்துக் காட்டும் வழியை அது திறந்துவிட்டது. அரசும் படையும் மட்டுமே வைத்திருந்த ஆற்றல் கடை முதலாளியின் கைக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வகை மென்பொருள் செய்யும் வேலைகளுள் மூன்று தலையாயவை. முதலாவது, முகவரியைப் புள்ளியாக்குவது. வாடிக்கையாளர் பட்டியலில் வெறும் எழுத்தாகக் கிடந்த முகவரி, நிலப்படத்தில் தனக்குரிய இடத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றும். இரண்டாவது, புள்ளிகளைப் பகுதிவாரியாகத் தொகுத்து நிறமூட்டுவது. மிகுதியாக வாங்கும் பகுதி அடர்ந்த நிறம் பெறும். குறைவாக வாங்கும் பகுதி வெளிறித் தோன்றும். மூன்றாவது, பல படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. சாலைகள் ஒரு படலம். மக்கள்தொகை ஒரு படலம். போட்டிக் கடைகள் ஒரு படலம். இவற்றை அடுக்கிப் பார்த்தால், ஓரிடத்திலிருந்து பத்து நிமிடப் பயணத்துக்குள் எத்தனை வீடுகள் உள்ளன, அவற்றுள் எத்தனை வீட்டார் ஏற்கெனவே வாடிக்கையாளர் என்பவை நொடியில் விளங்கும்.

ஈப்போவில் ஐந்து மளிகைக் கடைகள் நடத்தும் வணிகர் ஒருவரை எண்ணிக் கொள்க. ஆறாவது கடையை எங்கே திறப்பது என்பது அவர் முன் உள்ள வினா. முன்னாளில் அவருடைய தந்தையார் நண்பரைக் கேட்டிருப்பார். சாலையோரத்தில் நின்று போக்குவரத்தைப் பார்த்திருப்பார். மனத்துணிவை நம்பி முதலீடு செய்திருப்பார். மகனோ கணினியைக் கேட்கிறார். இதில் குற்றம் காண இடமில்லை. பிழையான இடத்தில் திறந்து மூடப்படும் கடையால் முதலாளிக்கும் நன்மையில்லை. வேலை இழக்கும் தொழிலாளிக்கும் நன்மையில்லை. பொருளைக் கணக்கறிந்து செலவிடுவது வணிகத்தின் அறங்களுள் ஒன்றேயாகும்.

அறத்தின் வினா எழுவது அடுத்த படியில். நிலப்படத்தில் ஒரு பகுதி வெளிறிக் கிடக்கிறது. அதைக் கண்ட வணிகர், 'அங்கு வாங்குவோர் இல்லை' என்று முடிவு செய்கிறார். உண்மையில் கணினி அவ்வாறு சொல்லவில்லை. 'அங்கு நீங்கள் இதுவரை விற்றதில்லை' என்று மட்டுமே அது சொன்னது. இவ்விரண்டு தொடர்களுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. முன்னது மக்களைப் பற்றிய தீர்ப்பு. பின்னது தம்மைப் பற்றிய ஒப்புதல். தம் அறியாமையைப் பிறருடைய இல்லாமையாக மாற்றிச் சொல்வது, அறிந்து சொன்னாலும் அறியாது சொன்னாலும், பொய்யே.

வெளிறிய நிறம் எவ்வாறு உண்டாகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். தஞ்சோங் ரம்புத்தானின் அஞ்சல் குறியீடு 31250. வீட்டு எண்ணும் தெருப்பெயரும் தெளிவாகப் பொருந்தினால் மென்பொருள் அவ்வீட்டின் இடத்திலேயே புள்ளி வைக்கும். பொருந்தாவிட்டால், அம்முகவரியை அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம். ஊரின் நாற்புறத்திலும் சிதறி வாழும் பலர் இவ்வாறு ஒரே புள்ளியில் குவிக்கப்படுவர். அவர்கள் உண்மையில் வாழும் இடங்களோ நிலப்படத்தில் வெறுமையாகிவிடும்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர்க்கு இது புதுமையன்று. லயத்து வீடுகளுக்குத் தெருப்பெயர் ஏது? கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து உரியவர் கைக்குப் போய்ச் சேரும். நூறு குடும்பங்களுக்கும் ஒரே முகவரி. அந்த நூறு குடும்பங்களின் வாழ்வும் தாழ்வும் வெளியுலகின் ஏட்டில் தோட்டத்தின் பெயராக மட்டுமே இருந்தன. கணினி இன்று செய்யும் குவிப்பை, அலுவலகத்து அஞ்சற்பை அன்றே செய்துகொண்டிருந்தது.

நிறத்தின் பின்னே மறைந்திருக்கும் மற்றொன்று சராசரி. ஒரு பகுதியில் நூறு வீடுகள் உள்ளன என்க. பத்து வீடுகளில் மாத வருமானம் 20,000 வெள்ளி. எஞ்சிய தொண்ணூறு வீடுகளில் 2,000 வெள்ளி. அப்பகுதியின் சராசரி வருமானம் 3,800 வெள்ளி என்று கணக்கு வரும். கணக்கில் பிழையில்லை. ஆனால் 3,800 வெள்ளி வருமானமுள்ள வீடு அங்கு ஒன்றுகூட இல்லை! நிலப்படமோ அப்பகுதி முழுவதற்கும் ஒரே நடுத்தர நிறத்தைப் பூசிவிடும். அதைப் பார்ப்பவர் கண்ணுக்கு ஏழையும் தோன்றான், செல்வனும் தோன்றான், எங்கும் இல்லாத ஒருவனே தோன்றுவான். எல்லைக்கோட்டைச் சிறிது நகர்த்தி, அப்பத்து வீடுகளை அடுத்த பகுதியில் சேர்த்துவிட்டால் நிறம் அனைத்தும் மாறிப்போகும். மக்கள் மாறவில்லை; கோடு மாறிற்று. அமெரிக்கப் புவியியலாளர் மார்க் மோன்மோனியர் 1991இல் வெளியிட்ட நூலுக்கு, நிலப்படத்தால் பொய் சொல்வது எப்படி என்று பொருள்படும் தலைப்பை இட்டார். நிலப்படங்களையே வாழ்நாட் கல்வியாகக் கொண்ட ஒருவர் தந்த எச்சரிக்கை அது.

இவை வெறும் கற்பனை அச்சங்கள் அல்ல. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு நிலப்படங்கள் அமைத்தது. பகுதிகள் நான்கு தரமாகப் பிரிக்கப்பட்டுப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு நிறங்கள் பெற்றன. கடன் கொடுப்பதற்கு ஆபத்தானவை எனச் சிவப்புப் பெற்ற பகுதிகளுள் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் மிகுதியாக இருந்தன. அக்காலத்து வங்கிகளும் அரசின் கடன் காப்புறுதியும் அத்தகைய பகுதிகளை ஒதுக்கி வைத்தன. கடன் மறுக்கப்பட்ட வீடு பழுதுபார்க்கப்படவில்லை. பழுதுபார்க்கப்படாத தெரு மதிப்பிழந்தது. மதிப்பிழந்தமை முன்னர் இட்ட நிறத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. வீட்டு வசதியில் இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது.

2016ஆம் ஆண்டில் அதே நாட்டில் நிகழ்ந்த மற்றொரு செய்தி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அமேசான் நிறுவனம் பொருள்களை வாங்கிய அன்றே வீட்டில் சேர்ப்பிக்கும் பணியைப் பெருநகரங்களில் நடத்தி வந்தது. பாஸ்டன் நகரில், நாற்புறமும் அப்பணி கிடைக்க, நடுவே கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் ராக்ஸ்பரி மட்டும் விடுபட்டிருந்ததை புளூம்பெர்க் செய்தியாளர்கள் நிலப்படமாகவே வரைந்து காட்டினர். இனத்தைத் தாங்கள் கருதியதே இல்லை என்றும், உறுப்பினர் செறிவும் கிடங்கின் தொலைவும் போன்றவற்றையே கணக்கிட்டதாகவும் நிறுவனம் விடையளித்தது. பின்னர் அப்பகுதிக்கும் பணியை விரிவாக்க முன்வந்தது. நிறுவனத்தின் விடையை உண்மையென்றே கொள்வோம். அப்பொழுதுதான் செய்தியின் கடுமை விளங்குகிறது. ஒருவரும் வெறுக்கவில்லை, ஒருவரும் சூழ்ச்சி செய்யவில்லை, ஆயினும் பழைய ஒதுக்கல் புதிய நிலப்படத்தில் தானாகவே வந்து படிந்தது. தீய எண்ணம் இல்லாமையே அறம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

படலம் படலமாக நிலத்தை அறியும் முறை தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை கருப்பொருள். அந்நிலத்தில் மாந்தர் உள்ளத்தில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் சம நிலையில் வைக்கப்பட்டவை அல்ல. முதலினும் கரு சிறந்தது. கருவினும் உரி சிறந்தது என்பது அவர் காட்டும் முறை. நிலமும் பொழுதும் அறிந்து, மரமும் பறவையும் அறிந்து, அங்கு வாழ்பவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பதை அறியாதவன் முல்லையை அறிந்தவன் ஆகான்.

மேசைக் கணினியின் நிலப்படத்தில் முதற்பொருள் உண்டு. சாலையும் ஆறும் எல்லையும் அதில் அடங்கும். கருப்பொருளும் ஒருவகையில் உண்டு; தொழில், உணவு, வாங்கும் பண்டம் ஆகியன தரவாகக் கிடைக்கின்றன. உரிப்பொருளுக்குரிய படலம் எங்கே? மாதக் கடைசியில் அரிசிக்குப் பதிலாக மருந்து வாங்கும் தாயின் மனம் எந்த நிறத்தில் தோன்றும்? மகன் அனுப்பும் பணத்துக்காகக் காத்திருக்கும் முதியவர் எந்தக் கட்டத்தில் அடங்குவார்? அவற்றைக் கணினி காட்டவில்லை என்று அதன்மேல் சினங்கொள்வது பேதைமை. காட்டாததை இல்லை என்று எண்ணுவதே தவறு.

திணைக் கொள்கையில் மற்றோர் உண்மையும் பொதிந்துள்ளது. பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் தம் வளம் கெட்ட பொழுது பாலையின் உருவை அடைகின்றன என்பதைச் சிலப்பதிகாரம் உணர்த்துகிறது. பாலை படைக்கப்படுவதில்லை, உண்டாக்கப்படுகிறது. வெளிறிய நிறத்தைக் கண்டு கடை வரவில்லை. கடை வராததைக் கண்டு வங்கிக் கிளை வரவில்லை. வங்கி வராததைக் கண்டு இளைஞர் ஊரைவிட்டுப் பெயர்கின்றனர். பத்தாண்டு கழித்து மீண்டும் நிலப்படம் வரைந்தால் நிறம் இன்னும் வெளிறித் தோன்றும். 'முன்னரே சொன்னோம் அல்லவா?' என்று கணக்கர் மகிழ்வார். அவர் முன்னறிந்து சொன்னாரா, சொல்லியே நிகழ்வித்தாரா?

இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் தாளில் விழுந்த கோடு வாழ்வைப் பிளந்த காலம் ஒன்று உண்டு. 1950களில் அயல்நாட்டார் உடைமையாயிருந்த ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த அத்துண்டாடலை உங்கு அசீஸ் ஆராய்ந்து அறிக்கை அளித்தார். விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் அது ஏக்கர்க் கணக்கு. கோட்டின் இருபுறமும் நின்ற தொழிலாளர்க்கோ வேலை, வீடு, கோயில், பள்ளி, ஆயாக்கொட்டகை என்னும் அத்தனையும் ஆட்டங்கண்ட காலம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களைத் தாமே வாங்கும் வழி அதனால் பிறந்தது. மற்றவர் ஏக்கரைக் கண்ட அதே நிலத்தில் அவர் மக்களைக் கண்டார். பார்க்கப்பட்ட நிலம் ஒன்றுதான். பார்த்தவர் கேட்ட வினா வேறு.

அந்த வேறுபாடு இன்று தமிழ்ப்பள்ளிகளின் வாயிலிலும் வந்து நிற்கிறது. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. எஞ்சியவற்றுள் பல, 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளிகள். தோட்டத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பள்ளியோ தோட்டத்திலேயே நின்றுவிட்டது. மாணவர் எண்ணிக்கையை மட்டும் நிலப்படத்தில் இட்டு, 'எந்தப் பள்ளிக்கு மாணவர் இல்லை?' என்று கேட்டால், மூட வேண்டிய பள்ளிகளின் பட்டியல் கிடைக்கும். அதே மென்பொருளிடம், 'தமிழ்ப் பிள்ளைகள் இருந்தும் பள்ளி இல்லாத குடியிருப்பு எது?' என்று கேட்டால், பள்ளியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய இடம் தெரியும். முதல் வினா கணக்கை முடிக்கிறது; இரண்டாம் வினா கடமையைத் தொடங்குகிறது. கணினி இரண்டுக்கும் ஒரே விரைவில் விடை தரும். எதைக் கேட்பது என்பதை அது கற்பிக்காது. அதைக் கற்பிக்க வேண்டியது கல்வி.

நிலப்படத்தின் வரலாற்றிலேயே அக்கல்விக்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பிராடு தெருவைச் சூழ்ந்த பகுதியில் வாந்திபேதி பரவிப் பத்து நாளில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாற்றமுள்ள காற்றே நோய்க்குக் காரணம் எனப் பலரும் நம்பிய காலம் அது. மருத்துவர் ஜான் சுனோ, அத்தெருவின் நீரேற்றுக் குழாயே காரணம் என ஐயுற்றார். செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இறந்தோர் வீடுகளைக் குறித்து அவர் அமைத்த நிலப்படம் இன்று உலகப் புகழ் பெற்றுள்ளது. ஆனால், அந்த நிலப்படம் பின்னர் வந்தது. அவர் முதலில் செய்தது நடந்ததும் கேட்டதுமே.

அவர் வீடு வீடாகச் சென்றார். தம் கருத்துக்குப் பொருந்தியவற்றைவிடப் பொருந்தாதவற்றையே கூர்ந்து வினவினார். குழாய்க்கு அருகில் இருந்த ஏழையர் இல்லத்தில் ஐந்நூற்றுவர்க்கு மேல் வாழ்ந்தும் ஐவரே மாண்டனர். விசாரித்ததில் அவ்வில்லத்துக்குத் தனிக் கிணறு இருந்தது தெரிந்தது. அருகிலிருந்த மதுவடிப்பு ஆலையின் தொழிலாளர் ஒருவரும் அந்நோயால் மடியவில்லை; அவர்கள் குழாய் நீரை அருந்துவதில்லை. தொலைவிலிருந்த ஹாம்ஸ்டெட் பகுதியில் ஒரு மூதாட்டி மட்டும் மாண்டார். அவர் முன்பு பிராடு தெருவில் வாழ்ந்தவர், அந்நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் அதை வரவழைத்துக் குடித்து வந்தவர். புள்ளிகள் செறிந்த இடம் ஐயத்தைத் தந்தது; தனித்து நின்ற புள்ளியும் வெறுமையாய்க் கிடந்த இடமுமே உண்மையை உறுதி செய்தன. மேசையைவிட்டு எழுந்து கதவைத் தட்டாதவர்க்கு அவ்வுண்மை கிடைத்திராது.

வணிகர்க்குரிய அறமும் இதனின்று தெளிவாகும். வெளிறிய இடம் அனைத்திலும் கடை திறக்க வேண்டும் என்று அறம் கட்டளையிடவில்லை. அங்கு ஒருமுறை சென்று பார்க்காமல் அதைத் தள்ளாதே என்பதே அதன் கட்டளை. நேரில் சென்று பார்த்தபின் 'இங்குக் கடை நடத்த இயலாது' என்று முடிவு செய்பவர் உண்மையைச் சொன்னவராவார். செல்லாமலே சொல்பவர், கணினியின் பெயரால் தம் சோம்பலை மறைத்தவராவார்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. 2002இல் தொடங்கப்பட்ட கியூஜிஐஎஸ் என்னும் நிலப்பட மென்பொருளை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம். 2004இல் இங்கிலாந்தில் தோன்றிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுமக்கள் நிலப்படத்தில் எவரும் தம் ஊரை வரைந்து சேர்க்கலாம். தோட்டத்துக் கோயிலையும், லயத்துக்குச் செல்லும் மண்பாதையையும், பழைய பால்கொட்டகை நின்ற இடத்தையும் மாணவர் நடந்து கண்டு குறித்தால், அவர்கள் கணினியை மட்டும் கற்பதில்லை; தம் பாட்டனாரிடம் உட்கார்ந்து கேட்கவும் கற்கிறார்கள். பிறர் வரைந்த நிலப்படத்தில் வெற்றிடமாகக் கிடந்த மக்கள், தம் கையாலேயே தம் இருப்பைப் பொறித்துக்கொள்ளும் நாள் அது.

தஞ்சோங் ரம்புத்தானைப் பெயரளவில் அறிந்து நகைப்போர் பலர். நேரில் வந்து, கடைத்தெருவில் தேநீர் அருந்தி, மருத்துவமனையில் இருக்கும் தம் உறவினருக்குப் பழம் வாங்கிச் செல்வோரும் சிலர் உண்டு. முன்னவர் கையில் நிலப்படம் இருக்கிறது. பின்னவர் அவ்வூரை அறிந்திருக்கின்றனர். ஒருமுறை வந்து சென்றவர் அதன்பின் அவ்வூரின் பெயரைச் சொல்லி ஒருவரையும் ஏளனம் செய்யமாட்டார்.